பெருஞ்சாலையில் ஒரு நீல முத்திரை

நுழையும்முன்

ஒரு நிறுவனத்தின் பெயர் உலகெங்கும் புகழ்பெற்றிருக்கலாம். ஆயினும், வாங்குவோர் வாழ்வோடு பொருந்தாத பொருளுக்கு அப்புகழ் நெடுநாள் துணைநிற்பதில்லை. ஒரு தொழிற்சாலை மூடப்படும்போது நிறுவனத்தின் கணக்கேட்டில் ஒரு பக்கம் முடிகிறது. அதனை நம்பி வாழ்ந்த ஊர்களிலோ பல குடும்பங்களின் திட்டங்கள் பாதியில் நின்றுபோகின்றன. சென்னையின் தென்புறநகர்ப் பகுதியில் வளர்ந்து தளர்ந்த ஃபோர்டு மகிழுந்து நிறுவனத்தின் வரலாறு இவ்விரண்டையும் ஒருசேரக் காட்டுகிறது.

ஊரும் சாலையும்

தாம்பரம் சானடோரியம் தொடர்வண்டி நிலையத்திற்குக் கிழக்கே, ஏரியை ஒட்டி வளர்ந்த ஊர் சிட்லபாக்கம். நெடுங்காலம் பேரூராட்சியாக விளங்கிய இவ்வூர், 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுள் ஒரு பகுதியாயிற்று. வயலும் ஏரியுமாக இருந்த இவ்வூரையும் இதன் அண்டை ஊர்களையும் வீடுகள் நெருங்கிய புறநகராக மாற்றியவற்றுள் முதன்மையானவை இருப்புப்பாதையும் அதனை ஒட்டிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையும் ஆகும்.

அச்சாலை தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் வழியே மறைமலைநகரை அடைகிறது. விடியற்காலையில் சாலையோரம் சீருடையுடன் நின்று, நிறுவனப் பேருந்தை எதிர்நோக்கும் தொழிலாளர்கள் இப்பகுதியின் அன்றாடக் காட்சி. முதல் முறை, இரண்டாம் முறை, இரவு முறை எனத் தொழிற்சாலைகள் வகுத்த நேரமே பல வீடுகளில் சமையலுக்கும் உறக்கத்திற்கும் நேரம் குறித்தது. ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் அவ்வாறு நேரம் குறித்த தொழிற்சாலைகளுள் ஒன்று, நீல நிற நீள்வட்டத்தைச் சின்னமாகக் கொண்ட ஃபோர்டு.

எளியோர்க்கான ஊர்தி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1903ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டு இந்நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் மகிழுந்து செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது. உழவரும் தொழிலாளரும் வாங்கத்தக்க ஊர்தியை உருவாக்குவதே ஃபோர்டின் நோக்கம். 1908இல் வெளிவந்த ‘மாடல் டி’ அந்நோக்கத்தை நிறைவேற்றியது. மண்சாலையிலும் செல்லும் உறுதியும், உடையவரே பழுதுநீக்கிக்கொள்ளும் எளிமையும் அதன் சிறப்புகள்.

1913இல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் தொகுப்பு வரிசை முறை புகுத்தப்பட்டது. அதற்கு முன்பு தொழிலாளர் வண்டியைத் தேடிச் சென்று வேலை செய்தனர். புதிய முறையில் வண்டியே நகர்ந்து தொழிலாளரிடம் வந்தது. ஒருவர் ஒரு பணியை மட்டும் செய்தார். ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைத் தொகுக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆன நிலை மாறி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே போதும் என்றாயிற்று. நேரம் குறைந்ததால் செலவு குறைந்தது. செலவு குறைந்ததால் விலையும் குறைந்தது. தொடக்கத்தில் 850 டாலருக்கு விற்ற வண்டி, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின.

அதே வண்டியின் வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. மக்கள் வசதியையும் வண்ணத்தையும் புதுமையையும் நாடத் தொடங்கிய பின்னரும் ஹென்றி ஃபோர்டு பழைய வடிவத்தையே பற்றிக்கொண்டிருந்தார். போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே முந்திச் சென்றது. வாங்குவோரை அறிந்து உயர்ந்த நிறுவனம், வாங்குவோர் மாறியதை அறியாது தளர்ந்தது. பிற்காலத்தில் இந்தியாவில் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இந்நிகழ்வு துணைசெய்யும்.

தெரிந்து தெளிவோம்

மறைமலைநகர், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் உருவாக்கிய துணைநகரம். தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலையடிகளின் பெயரை அது தாங்கி நிற்கிறது. வேதாசலம் என்னும் தம் பெயரைத் தமிழாக்கி மறைமலை எனக் கொண்ட அடிகள், சிட்லபாக்கத்திற்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில் வாழ்ந்தார். அவர் பெயர்கொண்ட நகரில் அமெரிக்கத் தொழிற்சாலை அமைந்ததும், அங்கே தமிழ் இளைஞர்கள் உலகச் சந்தைக்கு மகிழுந்து செய்ததும் வரலாற்றின் வியத்தகு சந்திப்பு.

முதல் வருகையும் நீண்ட இடைவெளியும்

ஃபோர்டு இந்தியாவிற்கு வந்தது முதன்முதலில் 1990களில் அன்று. 1926ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனத்தின் இந்தியக் கிளை தொடங்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து பாகங்களாக வந்த வண்டிகள் இங்குத் தொகுக்கப்பட்டன. விடுதலைக்குப்பின், உள்நாட்டிலேயே பாகங்களை உருவாக்கும் நிறுவனங்களுக்கே இடமுண்டு என்னும் கொள்கையை அரசு வகுத்தது. வெறுமனே தொகுத்து விற்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களில் விலகின.

அவை விட்டுச்சென்ற இடத்தில் உள்நாட்டு நிறுவனங்கள் வளர்ந்தன. வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அவற்றுள் ஒன்று. ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் பெருமிதமாக விளங்கியது. 1985இல் அந்நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் விலைமிகுந்த வண்டியைக் கொணர்ந்தது. வெளித்தோற்றம் புதியது, உள்ளிருந்த எந்திரமோ பழையது. எரிபொருளை மிகுதியாக உண்ட அவ்வண்டியை மக்கள் ஏற்கவில்லை. 1980களின் இறுதியில் உற்பத்தி நின்றது. ஜி.எஸ்.டி. சாலை மகிழுந்துத் தொழிலின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஃபோர்டுக்கு முன்பே ஒருமுறை கண்டிருந்தது.

மறைமலைநகரில் எழுச்சி

1991இல் இந்தியப் பொருளாதாரம் தாராளமயமாக்கப்பட்டது. 1995இல் மகிந்திரா நிறுவனத்துடன் சரிபாதிக் கூட்டாக ஃபோர்டு மீண்டும் நுழைந்தது. முதல் வண்டியான ‘எஸ்கார்ட்’ 1996இல் மராட்டிய மாநிலத்தின் நாசிக்கில் தொகுக்கப்பட்டது. அதற்கிடையே, தமிழ்நாட்டு அரசின் ஊக்குவிப்புடன் மறைமலைநகரில் ஏறத்தாழ 350 ஏக்கர் பரப்பில் தொழிற்சாலை எழுந்தது. துறைமுகத்தின் அண்மை, பொறியியல் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பயின்ற இளைஞர்கள், முன்பே வேரூன்றியிருந்த உதிரிபாகத் தொழில் ஆகியன இவ்விடத்தைத் தேர்வுசெய்யத் தூண்டின. 1998இல் ஃபோர்டு பெரும்பான்மைப் பங்கைத் தன்வசமாக்கி, ‘ஃபோர்டு இந்தியா’ என்னும் பெயரில் இயங்கலாயிற்று.

1999இல் மறைமலைநகரிலிருந்து ‘ஐகான்’ வெளிவந்தது. இந்தியச் சாலைக்கும் இந்தியக் குடும்பத்தின் பயணத்திற்கும் ஏற்ப உருவாக்கப்பட்ட வண்டி என அது போற்றப்பட்டது. விரைவையும் உறுதியையும் விரும்பிய இளைஞர்களை அது கவர்ந்தது. தொடர்ந்து ‘என்டவர்’, ‘ஃபியஸ்டா’ முதலியன வந்தன.

தொழிற்சாலையின் உள்ளே நான்கு பெரும்பணிகள் வரிசையாக நிகழும். முதலில் எஃகுத் தகடுகள் அச்சுகளில் அழுத்தப்பட்டுக் கதவு, கூரை முதலிய வடிவங்களைப் பெறும். பின்னர் அவை பற்றவைக்கப்பட்டு உடற்கூடு ஆகும். அடுத்து வண்ணம் பூசப்படும். இறுதியாக நகரும் தொகுப்பு வரிசையில் எந்திரம், சக்கரம், இருக்கை, மின்கம்பித் தொகுதி ஆகியன பொருத்தப்படும். வரிசையில் ஒருவர் தவறினால் அடுத்தவர் பணி நிற்கும். ஆகவே, நேரந்தவறாமை, கூட்டுழைப்பு, பிழையைத் தொடக்கத்திலேயே கண்டறிதல் ஆகிய பண்புகள் தொழிலாளரிடம் ஊறின. சென்னையைச் சுற்றி வேறு நிறுவனங்களும் வந்தன. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையிலும், பி.எம்.டபிள்யூ. சிங்கப்பெருமாள்கோவிலை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும், ரெனோ – நிசான் ஒரகடத்திலும் தொழிற்சாலை அமைத்தன. சென்னைக்கு ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்னும் பெயர் நிலைத்தது.

எட்டாத வாசல்

ஃபோர்டு வந்தபோது இந்தியர்கள் மிகுதியாக வாங்கியது எவ்வகை வண்டி? 1983இல் வெளிவந்த ‘மாருதி 800’ சிறிய வண்டி, விலை குறைவு, எரிபொருள் சிக்கனமானது, சிற்றூரிலும் பழுதுநீக்கத்தக்கது. ஒருகாலத்தில் அமெரிக்க உழவருக்கு மாடல் டி எதுவாக இருந்ததோ, இந்திய நடுத்தரக் குடும்பத்திற்கு மாருதி அதுவாக இருந்தது. 1998இல் ஹூண்டாய் தன் முதல் வண்டியாகவே ‘சாண்ட்ரோ’ என்னும் சிறிய வண்டியைக் கொணர்ந்தது.

ஃபோர்டோ நடுத்தர அளவுடைய, விலை சற்று உயர்ந்த வண்டிகளுடன் தொடங்கியது. இரு சக்கர ஊர்தியிலிருந்து மகிழுந்துக்கு மாற விழைந்த குடும்பத்திற்கு அதன் கடையில் ஏற்ற வண்டி இல்லை. முதல் வண்டியாக எதனை வாங்கினார்களோ, அந்நிறுவனத்தின் பெரிய வண்டியையே அடுத்து வாங்குவோர் பலர். அவ்வாறு முதலடியிலேயே போட்டியாளர்கள் வாடிக்கையாளரைத் தம்வசமாக்கினர். உதிரிபாக விலையும் பராமரிப்புச் செலவும் மிகுதி என்னும் எண்ணமும் மக்களிடையே பரவியது.

2010இல்தான் ஃபோர்டின் சிறிய வண்டியான ‘ஃபிகோ’ வந்தது. எஸ்கார்ட் வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. காலந்தாழ்ந்து வந்தாலும் ஃபிகோ வெற்றிபெற்றது. 2011ஆம் ஆண்டின் சிறந்த இந்திய மகிழுந்து என்னும் விருதையும் பெற்றது. தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ முதலிய நாடுகளுக்கும் அது ஏற்றுமதியாயிற்று.

2013இல் வந்த ‘எக்கோஸ்போர்ட்’ அதனினும் பெரிய வெற்றி. நான்கு மீட்டருக்குட்பட்ட நீளமும் வரையறுத்த எந்திர அளவும் கொண்ட வண்டிகளுக்கு அரசு வரிச்சலுகை அளித்திருந்தது. அவ்வரம்புக்குள், உயர்ந்த தோற்றமுடைய வண்டியை ஃபோர்டு அமைத்தது. பதிவுசெய்தோர் மாதக்கணக்கில் காத்திருந்தனர். மறைமலைநகரில் செய்யப்பட்ட எக்கோஸ்போர்ட், ஃபோர்டின் தாயகமான அமெரிக்காவிற்கே பின்னாளில் அனுப்பப்பட்டது. தென்புறநகர்த் தொழிலாளரின் கைத்திறன் உலகத்தரமுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பெரிய அடுப்பும் சிறிய உலையும்

வெற்றி தந்த நம்பிக்கையில், குஜராத்தின் சனந்தில் 2015இல் இரண்டாம் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மறைமலைநகரில் ஆண்டுக்கு 2,00,000 வண்டிகள், சனந்தில் 2,40,000 வண்டிகள் செய்யும் வசதி உருவாயிற்று. ஆனால், எக்கோஸ்போர்ட் காட்டிய வழியில் மாருதி, டாடா, ஹூண்டாய் ஆகிய நிறுவனங்கள் அடுத்தடுத்துப் புதிய வண்டிகளை இறக்கின. ஃபோர்டு சிற்சில மாற்றங்களுடன் பழைய வண்டிகளையே தொடர்ந்தது. இந்தியச் சந்தையில் அதன் பங்கு இரண்டு விழுக்காட்டிற்கும் கீழே சரிந்தது. இறுதி ஆண்டுகளில் இரு தொழிற்சாலைகளும் தம் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே பயன்படுத்தின.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஆயிரம் பேருக்குச் சமைக்கும் திருமணக்கூடத்தில் பேரடுப்புகளை மூட்டி, இருநூறு பேருக்கு மட்டும் சமைத்தால் என்னாகும்? கூடத்தின் வாடகையும் பணியாளர் ஊதியமும் குறையா. ஒவ்வோர் இலைக்கும் விழும் செலவு பன்மடங்காகும். இலையின் விலையைக் கூட்டினால் உண்ண வருவோர் மேலும் குறைவர். இத்தகைய சுழலில் ஃபோர்டு சிக்கியது.

சுழலிலிருந்து மீள 2019இல் மகிந்திராவுடன் மீண்டும் கூட்டு அமைக்கத் திட்டமிடப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020ஆம் ஆண்டின் இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2021 செப்டம்பர் 9ஆம் நாள், இந்தியாவில் மகிழுந்து உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டதாக அவ்வறிவிப்பு கூறியது. ஏறத்தாழ 4,000 பணியாளர்களின் வேலை கேள்விக்குறியாயிற்று. நாடெங்கும் வண்டிகளை விற்ற முகவர்களும், உதிரிபாகம் செய்த சிறு தொழிற்கூடங்களும், உணவும் போக்குவரத்தும் வழங்கியோரும் இவ்வெண்ணிக்கையில் அடங்கார்.

வேலையா, இழப்பீடா?

ஐகான் காலத்தில் இருபது வயதில் சேர்ந்தவர் அப்போது நாற்பதைக் கடந்திருந்தார். நிலையான ஊதியத்தை நம்பிப் புறநகரில் மனை வாங்கியோர், வீட்டுக்கடன் பெற்றோர், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்தோர் எனப் பலரின் வாழ்க்கை அத்தொழிற்சாலையின் நாட்காட்டியோடு பிணைந்திருந்தது. நாற்பதைக் கடந்தவருக்கு நிகரான ஊதியத்தில் புதிய வேலை எளிதாகக் கிட்டுவதில்லை. ஆகவே, தொழிலாளர்கள் முதலில் கேட்டது இழப்பீடு அன்று, வேலையே. பின்னர் இழப்பீட்டுத் தொகை குறித்துப் பேச்சுவார்த்தை நீண்டது. 2022ஆம் ஆண்டின் நடுவில் அவர்கள் போராட்டத்திலும் ஈடுபட்டனர். அவ்வாண்டு சூலைத் திங்களில் மறைமலைநகரின் தொகுப்பு வரிசையிலிருந்து இறுதி எக்கோஸ்போர்ட் வெளியேறியது.

சனந்துத் தொழிற்சாலையை டாடா நிறுவனம் வாங்கியது. 2023 சனவரியில் கைமாற்றம் நிறைவுற்றது. தகுதியுடைய பணியாளர்களுக்கு அங்கே வேலை தொடர வழி பிறந்தது. மறைமலைநகருக்கு அவ்வாறு ஒரு கை வந்து சேரவில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே முடிவு, இரு ஊர்களில் இருவேறு விளைவைத் தந்தது.

‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்னும் பெருமைப்பெயரையும் இவ்விடத்தில் எண்ணிப்பார்த்தல் தகும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1950இல் ஏறத்தாழ 18,50,000 பேர் வாழ்ந்தனர். தொழிற்சாலைகள் இடம்பெயர்ந்ததும் வேலை குன்றியதும் மக்கள் வெளியேறியதும் தொடர, 2020இல் அந்நகரின் மக்கள்தொகை 6,50,000க்கும் கீழே இறங்கியது. 2013இல் நகராட்சியே திவால் நிலையை அறிவித்தது. ஒரே தொழிலைச் சார்ந்து வளரும் நகரம், அத்தொழில் தளர்ந்தால் தானும் தளரும். சென்னையின் தென்புறநகர் அந்நிலையை அடையவில்லை. வேறு மகிழுந்து நிறுவனங்கள், மின்னணுத் தொழில், தகவல் தொழில்நுட்பம், கல்வி நிறுவனங்கள் எனப் பல தூண்கள் அதனைத் தாங்கின.

மீண்டும் ஒரு தொடக்கம்

மகிழுந்து உற்பத்தி நின்ற பின்னரும் ஃபோர்டு சென்னையை முற்றிலும் நீங்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள சோழிங்கநல்லூரில் அதன் வணிகச்சேவை, தொழில்நுட்பப் பிரிவுகள் இயங்குகின்றன. அங்குப் பல்லாயிரவர் பணிபுரிகின்றனர். வண்டி செய்த கைகளுக்கு வேலை நின்றபோது, வடிவமைப்பும் கணக்கும் மென்பொருளும் அறிந்தோர்க்கு வேலை தொடர்ந்தது. தொழில்கள் எத்திசை நோக்கி நகர்கின்றன என்பதை இது காட்டுகிறது.

2024 செப்டம்பரில், மறைமலைநகர்த் தொழிற்சாலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை ஃபோர்டு தமிழ்நாட்டு அரசிடம் தெரிவித்தது. 2025 அக்டோபரில், அங்குப் புதிய வகை எந்திரங்களை உருவாக்க 3,250 கோடி ரூபாய் முதலீட்டிற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 600 பேருக்கு வேலை, 2029இல் உற்பத்தித் தொடக்கம் என்பன அத்திட்டத்தின் கூறுகள். முன்பு அங்குப் பணியாற்றியோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது சிறிது. எனினும் பூட்டிய வாயில் திறப்பதற்கு ஓர் அறிகுறி.

பெயரின் பெருமையை நம்பிய நிறுவனம், வாசலில் நிற்கும் வாடிக்கையாளரின் தேவையை அறியப் பதினான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அத்தாமதத்தின் விலையைச் செலுத்தியோருள் அம்முடிவுகளில் பங்கேற்காத தொழிலாளரும் அடங்குவர். ஒரு தொழிலை வரவேற்கும் சமுதாயம், அது விலகும் நாளுக்கும் ஆயத்தமாதல் வேண்டும். பணியிலிருக்கும்போதே புதிய திறன் கற்பிக்கும் பயிற்சியும், வேலையிழப்போர்க்கு முறையான பாதுகாப்பும் அவ்வாயத்தத்தின் இரு கூறுகள். தொழிற்சாலை கைமாறலாம், சின்னமும் மாறலாம். ஓர் எக்கோஸ்போர்ட்டின் கதவைப் பிசிறின்றிப் பொருத்தக் கற்ற கை, வேறொரு வண்டியின் கதவையும் அவ்வாறே பொருத்தும். அக்கைக்கு வேலை கிடைக்கச் செய்வதே எஞ்சியுள்ள கடமை.

கலைச்சொல் அறிவோம்

தொகுப்பு வரிசை – அசெம்பிளி லைன்
உதிரிபாகம் – ஸ்பேர் பார்ட்ஸ்
முறைப்பணி – ஷிப்டு
சந்தைப் பங்கு – மார்க்கெட் ஷேர்

கற்பவை கற்றபின்

1. மாடல் டி, மாருதி 800, ஃபிகோ ஆகிய வண்டிகளுக்கிடையேயுள்ள ஒற்றுமைகளையும் வேற்றுமைகளையும் அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் பகுதியில் மூடப்பட்ட ஆலை, அரைவைக்கூடம், நெசவுக்கூடம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அங்குப் பணியாற்றிய மூத்தோரிடம் பேட்டி கண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘தொழிற்சாலையை மூடும் நிறுவனத்தின் கடமை இழப்பீட்டோடு முடிகிறதா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.